வாடகைப் படகும் சிவப்புப் பெயிண்டும்

1

சுங்குவார்சத்திரம் பங்கு மலருக்கு நாலு பக்கம் எழுதும்படி நம் பங்குத் தந்தை கேட்டு ஆறு மாதம் ஆகிறது. பிரான்சில் எப்படி வாழ்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், பிள்ளை தமிழ் பேசுகிறதா, இதையெல்லாம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எழுதும்போது யாரும் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். எழுத்துப் பிழைகளை என் மனைவி லூர்து திருத்தித் தருகிறாள். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சவரிமுத்து. பெங்களூர் நெடுஞ்சாலையோரம் ஒரு லாரி ஷெட்டில் டிங்கர் வேலையும் பெயிண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்து பாண்டிச்சேரிக்காரி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. அதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழு வயது இருக்கும்போது, தூலோன் என்ற இந்தத் துறைமுக ஊருக்கு வந்தோம். இங்கே பஸ் டிப்போவில் எனக்குப் பெயிண்டர் வேலை. லாரிக்கு அடித்தவன் பஸ்ஸுக்கு அடிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. வீட்டைப் பூட்டிய பிறகு கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, மாடிப்படி இறங்கி, திரும்பி ஏறி இன்னொரு தரம் தள்ளிப் பார்ப்பேன். இங்கே சர்க்கார் கடிதங்கள் கண்ணாடிச் சன்னல் வைத்த உறையில் வரும். அந்த உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் அலமாரி மேல் வைத்திருப்பேன். பிரித்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஏதாவது ஒரு சான்றிதழின் நகல் கேட்டிருப்பார்கள். லூர்து என்னை "சந்தேகப் பிராணி" என்பாள். ஸ்டெல்லா இன்ஸ்பெக்டர் என்பாள். அவள் பேசும் தமிழில் பாதி பிரெஞ்சுதான். ஆனாலும் என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும் தமிழ் நன்றாகவே வருகிறது.

இந்த 1991 ஜூலையில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா சொன்னாள்.

"அப்பா, ஆகஸ்ட்ல லுக் வீட்டாரோட சேர்ந்து படகுல போறோம். ஒரு வாரம். எதிர்ல இருக்கிற தீவுக்கெல்லாம்."

லுக் என்பவன் அவளோடு படிக்கும் பையன். இரண்டு வருஷமாக வீட்டுக்கு வந்து போகிறான். எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். என்னிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாக, செவிட்டு ஆளிடம் பேசுவதுபோல நிறுத்திப் பேசுவான். அது மரியாதையா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"என்ன படகு?" என்றேன்.

"பாய்மரப் படகு. வாடகைக்கு எடுக்கிறோம். நீங்களும் அம்மாவும் வரணும். லுக்கோட அப்பா அம்மா கேட்டாங்க. ஆறு பேருக்கு இடம் இருக்கு."

"யார் ஓட்டறது?"

"லுக்தான்."

"நான் வரலேன்னா?"

"நான் போவேன்," என்றாள். சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "உங்ககிட்ட கேட்கலைப்பா. கூப்பிடறேன்."

லூர்து என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். "படகை நான் பார்த்துச் சொல்லணும். நான் சரின்னு சொல்ற படகுலதான் நீ போகணும்" என்றேன். ஸ்டெல்லா உடனே சம்மதித்தாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததிலும் எனக்குச் சந்தேகம்.

உண்மையைச் சொல்கிறேன். நல்ல படகு தேடுவது என் எண்ணமாக இருக்கவில்லை. எந்தப் படகைக் காட்டினாலும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துப் பயணத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

2

வாடகை வண்டி என்றால் எனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று ஊரில் சிலருக்குத் தெரியும். தெரிந்தது பாதிதான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்பு நாங்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனோம். வேன் பிடித்துக் கொடுத்தது என் அக்கா சகாயத்தின் வீட்டுக்காரர் அருளப்பன் மாமா. வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டார்.

"இன்னா மச்சான், எப்பிடி கீது? பளபளன்னு புதுப் பொண்ணு கணக்கா கீது பாரு. பஸ் ஸ்டாண்டாண்ட நாலு வண்டி நின்னுச்சி, நான் இத்தத்தான் புட்சேன்."

அந்த வண்டியை எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் அது எங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தது. எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், சீக்கிரம் முடி என்றார் வண்டிக்காரர். பின் சக்கரத்துக்கு மேலே தரைத் தகடும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் துருவேறி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. முழுசாக வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வைக்க வேண்டிய வேலை. "மேலாப்புல மூடி வுடு சவரி, பாத்துக்கலாம்" என்றார் ஷெட் முதலாளி. நான் மேலே ஒரு தகரத்தை வைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அதன் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டேன். நல்ல வேலைதான். கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வாசலில் நின்ற அந்த வண்டியைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஷெட்டில் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். பத்துப் பேர் குளித்து முழுகி, மாலை போட்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது என்ற கூச்சம் ஒரு பக்கம். போய்த் திரும்பும் வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன்.

முழுவதும் அப்படி நினைக்கவும் இல்லை. லூர்துவையும் ஸ்டெல்லாவையும் டிரைவர் பக்கத்தில் முன்னால் உட்கார வைத்தேன். நானும் அவர்களை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். அருளப்பன் மாமா அந்தத் தகரத்தின் மேல் உட்கார்ந்தார்.

கடலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது தரை பிளந்தது. மாமாவின் வலது கால் உள்ளே போய்ச் சக்கரத்தில் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரோட்டுப் பள்ளத்தால் வந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். வண்டியைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று மாமா தன்னையே திட்டிக்கொண்டார். நான் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருபது நாள் உட்கார்ந்து விசிறினேன். அடுத்த வருஷம் பிரான்சுக்கு வந்துவிட்டேன்.

அந்தத் தகரத்தை வைத்தது யார் என்பதும், என் பிள்ளையை நான் ஏன் முன்னால் உட்கார வைத்தேன் என்பதும் லூர்துவுக்குக்கூடத் தெரியாது. இதைத் திருத்தும்போதுதான் அவள் படிக்கப் போகிறாள்.

3

படகு வாடகைக்கு விடும் அலுவலகம் துறைமுகத்தின் கோடியில் ஒரு மரக் கொட்டகை. உள்ளே வெயிலில் தோல் கறுத்த ஓர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், காலில் செருப்பு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா, லுக், நான் மூன்று பேரும் போனோம். லுக்கின் அப்பாவுக்கு இடுப்பு வலி. எல்லாம் மிஸ்யே சவரி, அதாவது சவரி ஐயா, பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த நாட்டில் எதற்கும் காகிதம் வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுக்க வீட்டு விலாசத்துக்குச் சான்று கேட்பார்கள். ஒரு தடவை ஸ்டெல்லாவை நீச்சல் வகுப்பில் சேர்க்க மூன்று வாரம் அலைந்தேன். ஆனால் அந்த அம்மாள் லுக்கிடம் லைசென்ஸ் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக ஓட்டுகிறாய், எங்கே ஓட்டினாய் என்று வாயால் கேட்டாள். அவன் சொன்னான். எழுதிக்கொண்டாள்.

"லைசென்ஸ் கேட்கலையே," என்று ஸ்டெல்லாவிடம் தமிழில் சொன்னேன்.

"பாய்மரத்துக்கு வேண்டாம்பா. மோட்டார் படகுக்குத்தான் வேணும்."

"அவன் அப்படிச் சொன்னானா?"

"சட்டம்பா அது. லுக் சட்டம் இல்ல."

ஊரில் மாட்டு வண்டிக்குக்கூட நகராட்சித் தகடு வேண்டியிருந்தது. ஆறு உயிரைக் கடலில் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றும் வேண்டாமாம். லுக் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்த அம்மாள் என் அடையாள அட்டையைக் கேட்டாள். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஸ்ரீபெரும்புதூர் என்று இருக்கும். மே மாதம் அங்கே அந்தக் குண்டு வெடிக்கும் வரைக்கும் இங்கே ஒருவருக்கும் அந்தப் பெயரைப் படிக்க வராது. இப்போது படிக்க வராவிட்டாலும் நின்று பார்க்கிறார்கள். ஜூனில் ஓர் அலுவலகத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இந்த அம்மாளும் நின்று பார்த்தாள்.

"கடல் பக்கமா உன் ஊர்?" என்று கேட்டாள்.

"இல்லை. ஏரி," என்றேன். அதற்கு மேல் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.

அவள் முதலில் காட்டிய படகு தரையில், கம்பங்களில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. மேலே வெள்ளை. தண்ணீருக்குள் போகும் அடிப்பாகம் முழுவதும் சிவப்பு, ஈரம் காய்ந்தும் காயாத புதுப் பெயிண்ட். பக்கத்தில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் அப்படியே இருந்தன. நான் கிட்டே போகவே இல்லை.

"இது வேணாம்," என்றேன்.

"ஏன்?" என்றாள் ஸ்டெல்லா.

"புதுப் பெயிண்ட்."

லுக் நிறுத்தி நிறுத்தி விளக்கினான். கடல் தண்ணீரில் நின்றால் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டும். அவை ஒட்டாமல் இருக்க வருஷா வருஷம் சுரண்டிவிட்டு இந்தச் சிவப்பை அடிப்பார்கள். அடிக்காமல் விட்டால்தான் தப்பு. ஸ்டெல்லா அதைத் தமிழில் சொன்னாள். அவன் சொன்னது நீளமாக இருந்தது, அவள் சொன்னது சின்னதாக இருந்தது. நடுவில் எதை விட்டாள் என்று யோசித்தேன்.

"இருபத்தஞ்சு வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன். பெயிண்ட் எதுக்கு அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

இரண்டாவது படகு தண்ணீரில் இருந்தது. பழசு. பக்கமெல்லாம் கீறல், ஓர் இடத்தில் நசுங்கல், எதையும் மறைக்கவில்லை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. உள்ளே இறங்கினோம். லுக் தரைப் பலகையைத் தூக்கினான். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதை வெளியே இறைக்கும் பம்பு சத்தம் மட்டும் போட்டது. ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் வெடிக் குச்சிகளை எடுத்துத் தேதி பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே காலாவதி.

"இது கூடாது மிஸ்யே சவரி," என்றான். முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னான்.

"இதுல மறைவு ஒண்ணும் இல்லையே," என்றேன்.

"அப்பா, மறைவு இல்ல. ஓட்டைதான் இருக்கு," என்றாள் ஸ்டெல்லா. "நீங்க படகு பார்க்கிறீங்களா, பெயிண்ட் பார்க்கிறீங்களா?"

அந்த அம்மாளும் இந்தப் படகைத் தரத் தனக்கே மனசில்லை, புதுப் பம்பு வர வேண்டும் என்றாள். நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள். ஒரு குறையைத் தானாகச் சொல்கிறவள் வேறு எதையோ சொல்லாமல் விடுகிறாள் என்று எனக்குப் பட்டது.

4

சிவப்புப் படகுக்கே திரும்பினோம். என் பையில் சின்னச் சுத்தி வைத்திருந்தேன். ஷெட்டில் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இடது பக்கக் கதவைத் தட்டிவிட்டு, வலது பக்கக் கதவில் அதே இடத்தைத் தட்ட வேண்டும். இரண்டும் ஒரே குரலில் பேசினால் சரி. ஒரு பக்கம் மட்டும் தொண்டை கட்டியதுபோல் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. படகு தகரம் இல்லை, ஃபைபர். ஆனாலும் இரண்டு பக்கம் இருக்கிறதே.

லுக்கும் அந்த அம்மாளும் அலுவலகத்துக்குப் போனார்கள். ஸ்டெல்லா நிழலில் உட்கார்ந்தாள். நான் முன்னாலிருந்து தொடங்கினேன். இடது, வலது. இடது, வலது. ஒரு முழம் தள்ளி மறுபடி இடது, வலது. முட்டுக் கம்பங்களுக்கு அடியில் குனிந்து போய்ப் போய் வந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. படகு முழுக்க ஒரே குரல்தான்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னொரு சுற்று வந்தேன், கொஞ்சம் பலமாக. மூன்றாவது சுற்றில், பின்பக்கம் ஓர் இடத்தில், பஸ் தகட்டை அடிப்பதுபோல ஓங்கி அடித்துவிட்டேன். நகத்தளவு சில்லு ஒன்று தெறித்து விழுந்தது. சிவப்புக்குள் வெள்ளையாக ஒரு குழி.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. என் கை கீழே போய்ப் பிரஷ்ஷை எடுத்தது. டப்பாவில் தொட்டது. இரண்டு இழுப்பு. குழி போய்விட்டது. பிரஷ்ஷின் ஓரத்தை டப்பாவின் விளிம்பில் வழித்து, இருந்த இடத்தில், இருந்த சாய்விலேயே வைத்தேன்.

திரும்பினால் ஸ்டெல்லா நின்றிருந்தாள்.

"என்னப்பா பண்ணீங்க இப்ப?"

"ஒண்ணுமில்ல."

"பார்த்தேன்பா."

"சின்னதும்மா. நகத்தளவு. தண்ணிக்கு அடியில போயிடும். யாருக்கும் தெரியாது. தாங்கும்."

அந்தச் சொற்களை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் நுனியில் சிவப்பு இருந்தது.

"நான் போய்ச் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

கொட்டகை வரைக்கும் நூறு தப்படி இருக்கும். இந்த ஊரில் பன்னிரண்டு வருஷமாக எனக்காகப் பேசுவது லூர்து, இல்லாவிட்டால் ஸ்டெல்லா. டிப்போ ஆட்களிடம் கற்ற பிரெஞ்சு என்னுடையது. அதில் மரியாதை கிடையாது, போலீஸ்காரரைக்கூட "நீ" என்பேன். அன்றைக்கு ஸ்டெல்லா வெளியிலேயே நின்றுவிட்டாள். நான் உள்ளே போய் அந்த அம்மாள் முன்னால் சுத்தியை மேசையில் வைத்தேன்.

"நான் அடித்தேன். உன் படகு உடைந்தது. நான் பெயிண்ட் போட்டு மூடினேன்," என்றேன்.

லுக் எழுந்து நின்றான். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், சுத்தியைப் பார்த்தாள். வெளியே வந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இதற்காகவா வந்து சொன்னாய்?" என்றாள்.

"மூடியதற்காக," என்றேன்.

அவள் ஒரு தாளை எடுத்தாள். அதில் படகின் உருவம் கோட்டால் வரைந்திருந்தது. எங்கெங்கே அடி பட்டிருக்கிறது என்று அதில் குறிப்பார்களாம். பின்பக்கம் ஒரு சின்னச் சிலுவைக் குறி போட்டு, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நாளைக்கு ஆள் வந்து அடைத்துவிடுவான், கடலுக்குப் போக அதனால் ஒரு தடையும் இல்லை என்றாள். பிறகு லுக்கிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னவென்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"இவ்வளவு தட்டியும் தாங்கின படகு வேற இல்லையாம். இதையே எடுத்துக்கலாமாம்," என்றாள்.

சிவப்புப் படகையே எடுத்தோம். சனிக்கிழமை காலை புறப்பாடு.

5

லுக் வண்டி எடுக்கப் போயிருந்த நேரத்தில், துறைமுகச் சுவரில் உட்கார்ந்து ஸ்டெல்லாவிடம் வேன் கதையைச் சொன்னேன். தகரம், பட்டி, ரப்பர் விரிப்பு, முன் இருக்கை எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளிடம் இப்படிப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. கடலைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.



"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "நான் பின்னாடி மாமாகிட்ட உட்காரணும்னு அழுதேன். நீங்க என்னை அடிச்சீங்க. அதுக்கு முன்னாடி நீங்க அடிச்சதே இல்ல. என்ன தப்பு பண்ணினேன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அடித்தது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அவள் சொல்வது பொய்யாக இருக்காது. நான் சந்தேகப்படாத ஆள் உலகத்தில் இவள் ஒருத்திதான், இந்தப் படகு விஷயம் வரும்வரை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுவீங்களா?"

"இவ்வளவு வருஷம் கழிச்சா? அவர் நல்லா இருக்காரும்மா. பூத் வச்சிருக்கார். எதுக்குக் கிளறணும்?"

"நீங்க எல்லாரையும் சந்தேகப்படறீங்க அப்பா. லுக்கை, அந்தப் படகுக்கார மதாமை, ரொட்டி விக்கிற பேக்கரிக்காரரைக்கூட. அவங்க யாரும் ஒண்ணும் பண்ணல." குரல் உயரவில்லை அவளுக்கு. "சனிக்கிழமைக்குள்ள மாமாகிட்ட சொல்லுங்க. சொல்லலேன்னா நீங்க படகுக்கு வர வேணாம். நான் அம்மாவை மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

லுக் வந்து ஹாரன் அடித்தான். அவள் எழுந்து போனாள்.

6

அருளப்பன் மாமாவுக்கு ஊனமுற்றவர்களுக்கான ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் கிடைத்து மூன்று வருஷம் ஆகிறது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் அந்த மஞ்சள் பலகை தெரிந்திருக்கும். காலையில் ஊன்றுகோலோடு உள்ளே போனால் பூத்தை மூடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு நான் கூப்பிடுவேன். இந்தத் தடவை முதல் ஞாயிறு இல்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, புதன்கிழமை காலை கூப்பிட்டேன். ஊரில் அப்போது உச்சி வேளை.

"அலோ, எஸ்டிடி பூத்."

"மாமா, சவரி."

"இன்னா மச்சான், பொதன் கெழமையில? எதுனா பிரச்சினையா அங்க?"

"இல்ல மாமா."

"பாப்பா எப்பிடி கீது?"

"நல்லாத்தான் கீறா. சனிக்கெழம படகுல போறோம். பாய் கட்ன படகு. வாடகைக்கு எடுத்துகீறோம்."

"வாடகைக்கா?" மாமா சிரித்தார். "நல்லா தட்டிப் பாத்து எடு மச்சான். என்ன மாரி பெயிண்ட்டப் பாத்து மயங்கிடாத."

அவர் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கடிதத்தில். ஒவ்வொரு தடவையும் நான் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"மாமா, அந்த வண்டிக்குப் பெயிண்ட் அட்ச்சது நான்தான்."

"எந்த வண்டிக்கு?"

"வேளாங்கண்ணி வண்டிக்கு. அடியில சட்டம் இத்துப் போயிருந்துச்சி. மேல தகரம் வெச்சி மூடினது நானு."

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. யாரோ பையன் ஒருவன் "அண்ணே, திருநெல்வேலிக்கு ஒரு கால் போடணும்ணே" என்றான். "இருப்பா, வெளிய இரு" என்றார் மாமா. கதவு மூடும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சா மூடின?"

"தெரிஞ்சிதான்."

"நான் வண்டிய வூட்டாண்ட கொண்ணாந்து நிறுத்தச்சொல்லவே தெரியுமா?"

"தெரியும் மாமா. அப்பவே தெரியும்."

மாமா மூச்சு விடுவது கேட்டது. நான் அடுத்ததைச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். முன் இருக்கை விஷயத்தை. அதற்கு முன் அவரே பேசினார். மெதுவாக, தனக்குத் தானே கணக்குக் கூட்டிப் பார்ப்பதுபோல.

"பாப்பாவ என் மடியில குந்த வெச்சிக்கறேன்னு கேட்டேன். நீ வோணான்ன."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"பாப்பா அழுதுச்சி. நீ புட்ச்சி இழுத்துகினு போயி முன்னாடி..."

அதோடு லைன் அறுந்தது.

ஊருக்குப் பேசும் லைன் இப்படி அடிக்கடி அறுந்துபோகும். பேச்சு நடுவில் கடல் இரைவதுபோல் ஓர் இரைச்சல் வரும், பிறகு ஒன்றும் இருக்காது. அன்றைக்கு இரைச்சல் வந்ததா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை. உடனே மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்தது. நாற்பது தடவை அடித்ததும் தானாக நின்றது. மறுபடி கூப்பிட்டேன்.

லூர்து கடையிலிருந்து வந்ததும், "மாமா எடுக்கல" என்று மட்டும் சொன்னேன்.

"மத்தியானம்தானே அங்க. சாப்பிடப் போயிருப்பார்," என்றாள்.

அக்கா தினமும் சாப்பாட்டைப் பூத்துக்கே கொண்டுவந்து தருவாள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே, போனுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிடுவார். இது லூர்துவுக்குத் தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. சொல்லிவிட்டேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். லைன் அறுந்துவிட்டது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் இருந்துதான் அந்தப் பார்வையைக் கற்றிருப்பாள். ஆனாலும் என் துணிகளையும் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

இதை எழுதும்போது நடு நடுவே எழுந்து போய் டயல் செய்கிறேன். மணி அடிக்கிறது. அப்படியானால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடப் போயிருக்கலாம். பூத்துக்கு ஏதாவது விடுமுறையாக இருக்கலாம். அல்லது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.